காலணியில் தொடங்கிய அளவீடு

1895ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், சுரங்கத்துள் மண் சரிந்து முழங்கால் சிதைந்த தொழிலாளி ஒருவருக்கு, அறுந்த குறுக்குப் பிணைநார்களைத் தைத்து இணைத்தார் மேயோ ராப்சன் என்னும் அறுவை மருத்துவர். ஆண்டுகள் சில கழித்து அத்தொழிலாளி நொண்டாமல் நடந்ததாக அவர் எழுதினார். அந்நாளில் மருத்துவரின் கண்ணே அளவுகோல். நோயாளியின் சொல்லே சான்று.

நடையைக் கருவிகொண்டு அளக்கும் முயற்சியோ பிரான்சில் அதற்கு முன்பே அரும்பியிருந்தது. எத்தியேன் ழூல் மாரே என்னும் உடலியல் அறிஞர் 1873இல் வெளியிட்ட நூலில் விந்தையான காலணி ஒன்றை விளக்குகிறார். அதன் ரப்பர் அடியில் காற்றறை ஒன்று இருந்தது. பாதம் நிலத்தை அழுத்துந்தோறும் காற்று குழாய்வழியே சென்று, ஓடுபவர் கையில் ஏந்திய பதிவுக்கருவியின் முள்ளை அசைக்கும். புகைக்கரி படிந்த தாளில் ஒவ்வோர் அடியும் கோடாக விழும். மனிதன் கருவியை நாடிச் செல்லவில்லை. கருவி மனிதனோடு ஓடிற்று!

பின்னர் அறிஞர் மனம் புகைப்படத்தின்பால் திரும்பியது; மாரேயும் அதற்கு விலக்கல்லர். 1891இல் லைப்சிக் நகரில் பிரௌனே, ஃபிஷர் இருவரும் ஒருவரின் உடலில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருளில் நடக்கவிட்டுப் படமெடுத்தனர். அடுத்த ஆண்டே பிரௌனே மறைந்தார். அச்சில அடிகளைக் கணித்து வெளியிடும் பணி ஃபிஷருக்கு 1904 வரை நீண்டது. நுட்பத்தில் குறையில்லை, ஆயின் அம்முறை ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

1917இல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ், தொடைப்புறத்து நார்ப்பட்டையால் புதுப் பிணைநார் அமைத்த செய்தியை வெளியிட்டார். அவ்வறுவை முறை வளர வளர, விளையாட்டு வீரர் எப்போது திடலுக்குத் திரும்பலாம் என்னும் வினாவும் வளர்ந்தது. ஒற்றைக்காலில் தாவச் செய்து, நலமான கால் தாவிய தூரத்தில் 90 விழுக்காட்டை எட்டினால் போதும் எனக் கொள்வது பெருவழக்கு. உடலோ தந்திரம் மிக்கது. முழங்கால் ஏற்கத் தயங்கும் சுமையை இடுப்பும் கணுக்காலும் தாங்கிக்கொள்ளும், தூரம் நிகராகிவிடும். மாதக்கணக்கில் ஓய்ந்திருந்ததால் நலமான காலும் மெலிந்திருக்கக்கூடும். அப்போது அளவுகோலே குறுகிவிட்டது!

இன்று தொடையிலும் கெண்டைக்காலிலும் கட்டப்படும் சிறு உணர்கருவிகள், முடுக்கத்தையும் சுழற்சி விரைவையும் நொடிக்குப் பலமுறை குறிக்கின்றன. தாவி இறங்கும் வீரர் முழங்காலை மடக்கத் தயங்குவது திடலிலேயே புலனாகிறது. குறைகளும் உள. கருவி எலும்பின்மேல் அன்றித் தோலின்மேல் இருப்பதால் தசையோடு குலுங்கும். சிறு பிழைகள் திரண்டு கோணக் கணக்கைப் பிறழச் செய்யும். இளம் வீரரிடையே பிணைநார் மீண்டும் அறுதல் அரிதன்று. ஆயினும் இரு கால்களுக்கிடையே எவ்வளவு வேறுபாட்டைப் பொறுக்கலாம் என்பதில் மருத்துவர் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை.