போர்ட்லாந்து இரயிலும் ஹில்ஃபுல் ஃபுளூலும்

ஹிஜ்ரி 1438ஆம் ஆண்டின் ரமளான் மாதம் பிறக்கவிருந்த மாலைப் பொழுது. 2017 மே 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த போர்ட்லாந்து நகரில், 'மேக்ஸ்' எனப்படும் நகர இரயில் ஒன்று கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அலுவல் முடிந்து வீடு திரும்புவோரால் பெட்டி நிறைந்திருந்தது. பதின்ம வயதுடைய கறுப்பினத் தோழியர் இருவர் அதில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம்; ஹிஜாப் அணிந்திருந்தார். மற்றவர் முஸ்லிம் அல்லர்.

அப்பெட்டியில் ஏறிய வெள்ளையன் ஒருவன் அச்சிறுமியரை நோக்கி இன வெறியும் மத வெறியும் கலந்த வசைகளை உரக்கப் பொழியலானான். அவர்கள் அஞ்சி இடம் மாறினர். அப்போது பயணிகள் சிலர் எழுந்து அவனைத் தடுக்க முற்பட்டனர். வாக்குவாதம் கைகலப்பாயிற்று. இரயில் ஹாலிவுட் நிலையத்தை அடையும் வேளையில் அவன் கத்தியை உருவி, சில வினாடிகளுக்குள் மூவரின் கழுத்தில் குத்தினான். இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் மயிரிழையில் உயிர் தப்பினார்.

மாண்டவர்களுள் மூத்தவர் ரிக்கி ஜான் பெஸ்ட், வயது 53. இராணுவத்தில் 23 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றபின் நகராட்சிப் பணியில் சேர்ந்தவர், பிள்ளைகளின் தந்தை. இளையவர் டாலிசின் நம்காய் மெச்சே, வயது 23. போர்ட்லாந்தின் ரீட் கல்லூரியில் பொருளியல் பயின்று முந்தைய ஆண்டில்தான் பட்டம் பெற்றவர். அக்கல்லூரியில் இஸ்லாத்தைப் பற்றிய அறிமுகப் பாடம் ஒன்றையும் அவர் பயின்றிருந்தார் எனும் செய்தி, பாடம் நடத்துவதைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோரை நெடுநேரம் சிந்திக்கவைக்கும். இரத்தம் வழிந்தோடக் கிடந்த நிலையில், இந்த இரயிலில் உள்ள அனைவரையும் தாம் நேசிப்பதாகச் சொல்லிவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்று, அருகிருந்து அவரைத் தாங்கிய பெண்மணி பின்னர் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியை ஒரு தனிமனிதனின் வெறிச்செயலாகவோ, வீரர் சிலரின் தியாகக் கதையாகவோ மட்டும் பதிவு செய்து முடித்துவிடலாம். பலர் அவ்வாறே செய்தனர். வரலாற்று மாணவனுக்கோ இங்கே இரண்டு வினாக்கள் எஞ்சுகின்றன. அந்தக் கத்திக்கு முன் என்ன நடந்தது? அந்தக் குருதி உலர்ந்தபின் என்ன நடந்தது?

வெறுப்புக்கு ஒரு வரலாறு உண்டு

போர்ட்லாந்து, தாராளச் சிந்தனைக்குப் பேர்போன நகரம். எனினும் அமெரிக்கப் பெருநகரங்களுள் வெள்ளையர் விகிதம் மிகுந்த நகரங்களில் அதுவும் ஒன்று. இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1844ஆம் ஆண்டிலேயே ஒரிகன் குடியேற்றத்தின் இடைக்கால அரசு, அடிமை முறையைத் தடை செய்த அதே சட்டத்தில், கறுப்பினத்தவர் குறிப்பிட்ட காலத்திற்குள் வெளியேறிவிட வேண்டும், தவறினால் கசையடி என்று விதித்தது. கசையடிப் பிரிவு நடைமுறைக்கு வருமுன்பே நீக்கப்பட்டது. ஆயினும் அதன் உட்கருத்து மறையவில்லை. 1857இல் வகுக்கப்பட்ட மாநில அரசியலமைப்பு, கறுப்பினத்தவர் அங்கே குடியேறுவதையும் நிலம் வைத்திருப்பதையும் தடுத்தது. அப்படியொரு தடையுடன் 1859இல் ஒரிகன் அமெரிக்க ஒன்றியத்தில் இணைந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த கூட்டாட்சித் திருத்தங்களால் அத்தடை செல்லாததாயிற்று; ஆனால் எழுத்தில் அது நீக்கப்பட்டது 1926இல்தான். அரசியலமைப்பில் எஞ்சியிருந்த இனப்பாகுபாட்டுச் சொற்களை மக்கள் வாக்களித்து அகற்றியதோ 2002இல்.

ஓர் இனத்தாருக்கு எதிராக வளர்த்த வெறுப்பு அவ்வினத்தாரோடு நின்றுவிடுவதும் இல்லை. 1920களில் கு க்ளக்ஸ் கிளான் இயக்கம் ஒரிகனில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அதன் ஆதரவோடு 1922இல் நிறைவேறிய சட்டம், எட்டு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவரும் அரசுப் பள்ளிகளிலேயே பயில வேண்டும் என்றது. கத்தோலிக்கர் நடத்திவந்த பள்ளிகளை மூடவைப்பதே அதன் உள்நோக்கம். கன்னியர் சபை ஒன்று வழக்காடியது. 1925இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. கறுப்பினத்தவருக்கெனக் கட்டப்பட்ட வேலி கத்தோலிக்கரின் வாசலுக்கும் வந்ததை, சிறுபான்மைக் கல்விக்கூடங்களோடு தொடர்புடைய எவரும் எளிதில் மறக்கவியலாது.

1988 நவம்பரில் முலுகெட்டா செராவ் எனும் எத்தியோப்பிய இளைஞர் போர்ட்லாந்துத் தெருவில், தலை மழித்த வெள்ளை இனவெறிக் கும்பலைச் சேர்ந்த மூவரால் தாக்கிக் கொல்லப்பட்டார். அவர்தம் குடும்பத்தார் கொலையாளிகள் தண்டிக்கப்பட்டதோடு அமையவில்லை. அவர்களைத் தூண்டிவிட்ட வெறுப்பியக்கத் தலைவர் டாம் மெட்ஸ்கர் மீதும் உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். 1990இல் நடுவர் குழு ஒரு கோடியே 25 இலட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அடித்த கைக்கு மட்டுமன்றித் தூண்டிய நாவுக்கும் பொறுப்புண்டு என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

2017ஆம் ஆண்டின் கொலையாளியும் திடீரெனத் தோன்றியவன் அல்லன். (அவன் பெயரை இக்கட்டுரையில் எழுத வேண்டிய தேவை இல்லை.) அவ்வாண்டு ஏப்ரலில் போர்ட்லாந்தில் நடந்த வலதுசாரிப் பேரணி ஒன்றில் அவன் கொடியைப் போர்த்திக்கொண்டு நாஜி வணக்கம் செலுத்தியதைப் பலரும் பார்த்தனர். கொலைக்கு முந்தைய நாள் மாலை, அதே இரயில் சேவையில், அவனது வெறிப்பேச்சை ஆட்சேபித்த கறுப்பினப் பெண்மணி ஒருவரின் முகத்தில் போத்தலை எறிந்து காயப்படுத்தினான். காவலர் அங்கு வந்தும் அன்று அவன் கைது செய்யப்படவில்லை. மறுநாள் அவன் மீண்டும் இரயில் ஏறினான். அந்தப் பெண்மணியின் முறையீட்டுக்கு அன்றிரவே உரிய செவி கிடைத்திருந்தால், இரண்டு உயிர்கள் எஞ்சியிருக்கக்கூடும்.

பின்விளைவுகள்

கொலை நடந்த மறுநாளே ஹாலிவுட் நிலையத்தில் மக்கள் திரண்டனர். மலர்களும் மெழுகுவர்த்திகளும் குவிந்தன. சுவர்களிலும் தரையிலும் வண்ணச் சுண்ணக்கட்டியால் அன்பின் வாசகங்களை எழுதினர். ரமளானின் தொடக்க நாட்களில் நோன்பிருந்த அமெரிக்க முஸ்லிம்கள், பாதிக்கப்பட்ட மூவரின் குடும்பங்களுக்காக நிதி திரட்டினர். ஐந்து இலட்சம் டாலருக்கும் மேல் திரண்டது. கடன்பட்டோம் என்பதை அச்சமுதாயம் அறிந்து செய்த செயல் அது.

ஆனால் அனைத்தும் அன்புமயமாக முடிந்துவிடவில்லை. ஜூன் 4ஆம் நாள் நகர மையத்தில் நடக்கவிருந்த வலதுசாரிப் பேரணியின் அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மேயர் டெட் வீலர் மத்திய அரசைக் கோரினார். குடியுரிமைச் சுதந்திரங்களுக்காகப் பாடுபடும் அமைப்பே அதனை எதிர்த்தது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அரசு ஒரு கூட்டத்தைத் தடுக்கத் தொடங்கினால், நாளை அதே கோல் எளியோர் மீதும் பாயும் என்பது அதன் வாதம். பேரணி நடந்தது, அதனைவிடப் பெருந்திரளாக எதிர்ப்பாளர்களும் கூடினர். துயரத்தில் ஒன்றாக நின்ற நகரம், வெறுப்புப் பேச்சை எவ்வாறு எதிர்கொள்வது என்பதில் இரண்டுபட்டு நின்றது. அவ்வினாவுக்கு எளிய விடை எந்நாட்டிலும் கிடைத்துவிடவில்லை.

நீதிமன்றத்தில் முதன்முறை நிறுத்தப்பட்டபோது கொலையாளி தன் செயலை நாட்டுப்பற்று என்று கூவினான். விசாரணையில் அவன் தரப்பினர், முதலில் தள்ளப்பட்டதால் தற்காப்புக்காகவே தாக்கினான் என வாதிட்டனர். 2020 பிப்ரவரி 21இல் நடுவர் குழு பன்னிரண்டு குற்றச்சாட்டுகளிலும் அவனைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. சிறுமியரை அச்சுறுத்தியதும், முந்தைய நாள் அந்தப் பெண்மணியைத் தாக்கியதும் அவற்றுள் அடங்கும். ஜூன் மாதம், பரோலில் வெளிவர வழியில்லாத இரண்டு ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கும்படி நீதிபதி விதித்தார்.

இதற்கிடையே 2019இல் ஒரிகன் சட்டமன்றம் பழைய 'அச்சுறுத்தல்' சட்டத்தைத் திருத்தி, அதற்குப் 'பாரபட்சக் குற்றம்' எனப் பெயரிட்டது. முன்பு இருவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து தாக்கினால் மட்டுமே கடுங்குற்றமாகக் கருதப்பட்டது. தனியொருவன் வெறுப்பினால் தாக்கினும் அது கடுங்குற்றமாகலாம் என்ற நிலை இத்திருத்தத்தால் வந்தது. பாதிக்கப்பட்டோர் முறையிடுவதற்கெனத் தனித் தொலைபேசிச் சேவையும் ஏற்படுத்தப்பட்டது.

இவை அனைத்தினும் என் மனத்தைத் தைத்தது வேறொன்று. உயிர் பிழைத்த இளைஞர், தம்மை வீரர் எனப் போற்றிய நகரத்தாரிடம், என்னை விடுங்கள், அந்தச் சிறுமியரைப் பற்றிச் சிந்தியுங்கள் என்னும் பொருள்பட வேண்டிக்கொண்டார். தம்பொருட்டு இருவர் மாண்டதைக் கண்ணெதிரே கண்ட பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள் என்றார். உண்மைதான். காப்பாற்றியவர்களின் கதை, காப்பாற்றப்பட்டவர்களின் கதையை மூடிவிடுவது வரலாற்றெழுத்தில் அடிக்கடி நிகழும் பிழை.

ஜுத்ஆனின் மகனுடைய இல்லத்தில்

ஸீரா வகுப்பில் நபித்துவத்திற்கு முந்தைய மக்காவைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நாம் ஒரு பக்கத்தில் கடந்துவிடுவது வழக்கம். யமன் நாட்டு ஸுபைத் குலத்து வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். குறைஷிப் பிரமுகரான ஆஸ் இப்னு வாயில் அதனைப் பெற்றுக்கொண்டு விலை தர மறுத்தார். அந்த வணிகருக்கு மக்காவில் உறவினர் இல்லை. குலக் காவலும் இல்லை. முறையிட்ட குலத்தார் சிலர் அவரை விரட்டவும் செய்தனர். அவர் அபூ குபைஸ் குன்றின் மீதேறி நின்று உரத்த குரலில் நீதி கேட்டார். அக்குரல் சிலரைச் சுட்டது. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் அவர்கள் கூடினர். மக்காவில் அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவருக்குரியது கிடைக்கும்வரை அவரோடு நிற்போம் என உறுதி பூண்டனர். பின்னர் ஆஸிடம் சென்று வணிகரின் பொருளை மீட்டளித்தனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இளைஞராக அவ்வுடன்படிக்கையில் பங்கேற்றார்கள். நபித்துவம் பெற்ற பின்னரும், அத்தகைய உடன்படிக்கைக்கு இஸ்லாத்தில் அழைக்கப்பட்டாலும் இசைவேன் என்னும் கருத்தில் அதனை உயர்த்திப் பேசினார்கள். அக்கூட்டத்தில் இருந்தோர் முஸ்லிம்கள் அல்லர். காப்பாற்றப்பட்டவரும் அவர்களுடைய இனத்தார் அல்லர். நீதி மட்டுமே அவர்களை இணைத்தது. போர்ட்லாந்து இரயிலில் எழுந்து நின்றோருக்கு ஹில்ஃபுல் ஃபுளூல் என்ற பெயரே தெரிந்திருக்காது. ஆயினும் குலக் காவல் இல்லாதவருக்காக எழுந்து நிற்பது என்னும் அதன் சாரம் அவர்களிடம் இருந்தது.

இவ்வொப்பீட்டை நாம் பெருமிதத்துக்குரிய மேற்கோளாக மட்டும் ஆக்கிக்கொண்டால் அதன் பயன் கெடும். அந்த ரமளானின் தொடக்கம் போர்ட்லாந்தில். அதன் இறுதி நாட்களில், ஜூன் 22ஆம் நாள், நம் நாட்டின் ஹரியானாவில் மற்றோர் இரயில். டில்லியில் பெருநாள் துணிமணி வாங்கிக்கொண்டு சகோதரருடன் ஊர் திரும்பிய முஸ்லிம் சிறுவன் ஒருவன், இருக்கைத் தகராறாகத் தொடங்கி மத வசையாக முற்றிய சண்டையில் குத்திக் கொல்லப்பட்டான். உதவிக்கு எவரும் வரவில்லை என்று உடனிருந்தோர் கூறினர். சில நாட்கள் கழித்து, ஜூன் 28இல், இந்தியாவின் பல நகரங்களில் மக்கள், இது எங்கள் பெயரால் நடக்கக் கூடாது என்று முழங்கிக் கூடினர். அவர்களுள் மிகப் பலர் முஸ்லிமல்லாதோர். பெட்டிக்குள் எழாத குரல் தெருவில் எழுந்தது. தாமதமானதாயினும் அதனை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

அவ்விரு பெட்டிகளையும் ஒப்பிட்டு, அமெரிக்கர் நல்லவர், நம்மவர் தீயவர் என்று கூறுவது என் நோக்கமன்று. போர்ட்லாந்துப் பெட்டியிலும் பெரும்பாலோர் இருக்கையை விட்டு எழவில்லை; அச்சம் மனித இயல்பு. முந்தைய நாள் போத்தலால் அடிபட்ட பெண்மணிக்காக அந்த நகரில் மெழுகுவர்த்தி ஏந்திக் கூட்டம் திரளவும் இல்லை. கேள்வி நம்மை நோக்கியது. நாம் பயணிக்கும் பேருந்தில் வேறு சாதியார் ஒருவரோ, பிழைப்புக்காக வந்த வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரோ அவருடைய பிறப்புக்காக இழிவுபடுத்தப்படும்போது நாம் எழுந்திருக்கிறோமா? இழிவுபடுத்துபவர் நம் சமுதாயத்தவராகவே இருந்தால்? அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நபிமொழியின் கருத்து. அதனை ஓதிக்கொடுக்கும் ஆசிரியன் என்ற முறையில், இவ்வினாவை முதலில் எனக்கே விடுத்துக்கொள்கிறேன்.

ரிக்கி பெஸ்டும் டாலிசினும் நமக்கு உறவினர் அல்லர். நம் மார்க்கத்தாரும் அல்லர். நம் வீட்டுப் பெண்மக்களைப் போன்ற ஒரு பிள்ளையின் தலைமறைப்புக்காகவும் அவள் தோழியின் நிறத்துக்காகவும் நின்று மடிந்தார்கள். அக்கடனைத் தீர்க்க நிதி திரட்டுவது ஒரு வழி. வேறு மார்க்கத்துப் பிள்ளை ஒருத்தி நம் கண்ணெதிரே அவமதிக்கப்படும் நாளில் இருக்கையை விட்டு எழுவது மற்றொரு வழி. ஸீரா பாடத்தின் அந்த ஒரு பக்கத்தை இனி நான் விரைந்து கடக்கப் போவதில்லை.