எட்டு ஸ்க்ரூ, பதினோரு ஸ்க்ரூ

ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாருக்குப் புது பிக்கார்ட் வாங்கினா சில சமயம் ஓட்டைகள் பொருந்தாது. கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நினைச்சுடாதீங்க, அதுக்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் கதை இருக்கு.

1954-ல் ஃபெண்டர் இந்த கிடாரைக் கொண்டுவந்தபோது பிக்கார்ட் ஒற்றை அடுக்குத் தகடு, 8 ஸ்க்ரூ. பிக்அப், வால்யூம், சுவிட்ச் எல்லாம் அதில்தான் தொங்கும். வளையாமல் என்ன செய்யும்? 1959-ல் மூன்று அடுக்கு, 11 ஸ்க்ரூ என்று மாற்றினார்கள். ஆனால் புதுத் தகடு செல்லுலாய்ட் நைட்ரேட். பழைய சினிமா பிலிமும் இதே சரக்குதான்: சட்டென்று தீப்பற்றும், வயசானா சுருங்கும். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படம் ‘கீசக வதம்’ இன்று பார்க்கக் கிடைக்காது. அந்தக் காலப் படங்கள் ஓடியது இந்தப் பிலிமில்தான்.

கிடாரில் சுருக்கம் ஓட்டைகளில் தெரியும். தகடு உள்ளே இழுக்கும், ஸ்க்ரூ சாயும், ஓரம் விரிசல் விடும். 1960-களின் நடுவில் ஃபெண்டர் அதைக் கைவிட்டது.

நான் இருக்கும் கேளம்பாக்கத்தில் உப்பளம் பக்கத்திலேயே. உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருவேறும், அவசரமாகத் திருகினால் தலை முறியும். துருவேறாத ஸ்டீல் ஸ்க்ரூவே போடுறேன். கழுத்துப் பள்ளமும் பிரிட்ஜும் சரியா உட்காருதான்னு முதலில் பார்த்து, தப்பி நிற்கும் ஓட்டையை மட்டும் மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்துப் புதுசா துளைக்கலாம். அசல் பழைய கிடாரில் மட்டும் கை வைக்காதீங்க. எட்டா பதினொன்றாங்கிறது அதன் வயசுக்கு ஒரு சாட்சி.

கழட்டிய செல்லுலாய்ட் தகட்டைக் கிடார் பெட்டிக்குள் மூடி வைக்கவும் கூடாது. அதிலிருந்து கசியும் வாயு உலோகத்தை அரிக்கும்.