பனையேறும் கருவியை மாற்றியமைப்பவர் எதற்கெல்லாம் பொறுப்பு?

இருபது மீற்றர் உயரப் பனையின் வட்டில் இருந்து பிடி தவறியவர் நிலத்துக்கு வர இரண்டு செக்கன்களே எடுக்கும். நிலத்தைத் தொடும்போது அவரது வேகம் மணிக்கு 70 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். தீவகத்தில் பனையேறும் எவருக்கும் இந்தக் கணக்கு தேவையில்லை. விழுந்தவர்களை அவர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஏறும் கருவியில் ஒரு கம்பியையோ பட்டியையோ மாற்ற நினைப்பவருக்கு இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும்.

பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குள் போகிறவர் முதலில் காண்பது கடலையும் பனையையும்தான். 1991 இல் ஊர் இடம்பெயர்ந்தது. ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களுக்காகக் காத்திருந்தவை கூரையில்லாத வீடுகளும், காவோலை களையப்படாமல் சடைத்து நின்ற பனைகளும். வடக்கு முழுவதும் எத்தனையோ பனைகள் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்டன. தப்பிய மரங்கள் நின்றன, ஆனால் அவற்றில் ஏறுவோர் குறைந்துவிட்டார்கள். சிலர் போரில் இறந்தார்கள், சிலர் கடல் கடந்து போனார்கள். தகப்பனின் தொழிலைப் பிள்ளை தொடராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தொழிலோடு ஒட்டிவந்த சாதி இழிவை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஏறும் இயந்திரத்துக்கு இங்கு வரவேற்பு இருப்பது இதனால்தான். பரம்பரைப் பழக்கம் இல்லாதவரும் அதில் ஏறலாம், நெஞ்சு தேய வேண்டியதில்லை. சீவலுக்கு மட்டுமல்லாமல் வேலிக்கு ஓலை வெட்டவும், காவோலை தட்டவும், தேங்காய் பறிக்கவும் அது உதவும். சிக்கல் என்னவென்றால், கையில் கிடைக்கும் கருவிகளில் பல பனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய கருவி தென்னைக்கானது. இரண்டு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் இரும்பு வடம், கால் வைக்க ஒரு மிதி. ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு மற்றச் சட்டத்தை உயர்த்த வேண்டும். தென்னை வளர்ச்சிச் சபை 2011 இல் கேரளத்தில் தொடங்கிய 'தென்னையின் தோழர்கள்' பயிற்சி இத்தகைய கருவியைப் பரவலாக்கியது. இருந்து ஏறும் வகையும் உண்டு. அதில் மேற்சட்டம் ஆசனம், கீழ்ச்சட்டம் பாதத்துக்கானது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மான் வேட்டைக்காரர் மரத்தில் ஏறி அமர்ந்து காத்திருக்கப் பயன்படுத்தும் ஏறு பரணும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அந்நாடுகளில் வேட்டைக்காரருக்கு நேரும் காயங்களில் துப்பாக்கிச் சூட்டைப் போலவே பரணில் இருந்து விழுதலும் பேசப்படும் விடயம். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய பாடங்களில் சில அவர்களிடம் இருந்து வருபவை.

சட்டம் மரத்தைப் பிடிப்பது எப்படி? ஏறுபவரின் பாரம் மரத்தில் இருந்து சற்று வெளியே விழுகிறது. அதனால் சட்டம் கீழ்நோக்கிச் சாய முயல்கிறது. சாயும்போது பின்பக்க வடம் இறுகுகிறது, முன்பக்கத் தாங்கி மரத்தை அழுத்துகிறது. பாரம் கூடினால் பிடியும் கூடும். ஆனால் இந்தப் பிடி சாய்வுக் கோணத்திலும் மரத்தின் பருமனிலும் தங்கியிருக்கிறது. அடியில் பருத்து மேலே சிறுக்கும் மரத்தில் ஏறும்போது வடத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி கூடிச் சட்டம் மேலும் தாழும். அடியில் மட்டமாக நின்ற மிதி நடு மரத்தில் வழுக்குப் பலகை ஆகிவிடும். ஆகவே அடியில் சட்டத்தின் வெளிமுனையைச் சற்று மேல்நோக்கி வைத்துத்தான் தொடங்க வேண்டும். ஏற ஏற வடத்தைக் குறுக்க வழியும் இருக்க வேண்டும்.

பனையின் அடி தென்னையை விடப் பருமன். தென்னைக்கு வந்த வடம் அதைச் சுற்றி எட்டாது. இங்கேதான் மாற்றம் தொடங்குகிறது. வெட்டி ஒட்டிய வடம், மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி, மீன்பிடி வள்ளத்து நைலோன் கயிறு என்று கைக்கு எட்டிய எதுவும் நீளம் கூட்டும் பொருளாகிவிடுகிறது.

இவற்றில் ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கைவிடும். இரும்பு வடத்தை முடிச்சுப் போட்டால் முடிச்சு விழுந்த இடத்தில் அதன் பலம் பெருமளவு போய்விடும். 'ப' வடிவக் கவ்வி போட்டு இணைப்பதானால் கவ்வியின் அகன்ற அடிப்பாகம் பாரம் தாங்கும் வடத்தின் மேலும், வளைந்த கம்பி வெட்டுமுனைப் பக்கத்தின் மேலும் அமைய வேண்டும். தலைகீழாகப் போட்டால் வளைந்த கம்பி பாரம் தாங்கும் வடத்தையே நசுக்கும். ஒரு கவ்வி ஒருபோதும் போதாது. பிளாஸ்ரிக் உறை போட்ட வடம் பார்வைக்குப் புதிது போல இருக்கும். காரைநகரின் உப்புக் காற்றோ உறையின் வெடிப்பால் புகுந்து உள்ளே துருவைச் சேர்த்துக்கொண்டிருக்கும். நைலோன் கயிறு வெயிலில் கிடந்து வெளிறினால் அதன் இழை செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். போதாததற்குக் கருக்கு மட்டை அடியோடு இருக்கும் வடலியில் எந்தக் கயிறும் அறுபடும்.

வெல்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒட்டுப் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், ஏறி நின்றாலும் தாங்கும். ஆனால் ஒட்டின் ஓரத்தில் சூடுபட்ட உலோகம் முன்போல் இருக்காது. ஒவ்வொரு படிக்கும் பாரம் ஏறி இறங்கும் கருவியில் வெடிப்பு அந்த ஓரத்தில்தான் பிறக்கும். அலுமினியச் சட்டமானால் படலை ஒட்டுகிற பட்டறையில் அதைக் கொடுக்கவே கூடாது. சட்டத்தில் புதுத் துளை போடுவதும், கருவியோடு வந்த போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்ததைப் பூட்டுவதும் இதே வகைதான். நேற்று ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை என்பது இங்கு சான்றாகாது. உலோகக் களைப்பு நூறாவது தடவையில் அல்லது ஆயிரமாவது தடவையில்தான் வெளிப்படும்.

அகற்றப்படும் உறுப்புகளும் உண்டு. இருந்து ஏறும் வகையில் மேற்சட்டத்தையும் கீழ்ச்சட்டத்தையும் ஒரு கயிறு இணைக்கும். அது கால்களில் சிக்குகிறது என்று பலர் கழற்றிவிடுவார்கள். பாதம் நழுவிக் கீழ்ச்சட்டம் அடிமரத்துக்குப் போய்விட்டால் ஏறியவர் நடுவானில் ஆசனத்தோடு தனித்துப் போவார், இறங்க வழி இராது. வேட்டைக்காரர்களுக்கு அந்தக் கயிற்றைக் கழற்ற வேண்டாம் என்று அடித்துச் சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான்.

இதை வாசிக்கும் அனுபவசாலி ஒருவர் கேட்கக்கூடும்: எங்கள் அப்பு தளநாரைத் தானே செய்து, தானே திருத்தித்தானே ஏறினார்? சரியான கேள்விதான். பச்சை மட்டையில் உரித்த நாரைத் திரித்துத் தன் பாதத்துக்கு அளவாகச் செய்த தளநார், இடுப்பில் இயனக்கூடு, பாளைக்கத்தி, முட்டி. அவ்வளவுதான் அவரது கருவி. ஆனால் தளநார் பாதங்களைச் சேர்த்துப் பிடிப்பது மட்டுமே. உயிரைத் தாங்கியவை அவரது கைகளும் பழக்கமும். நார் தளர்ந்தால் பாதம் முதலில் அறியும். செய்தவரும் அவர்தான், ஏறுபவரும் அவர்தான், தேய்மானத்தைத் தினமும் பார்ப்பவரும் அவர்தான். இயந்திரத்தில் இந்த மூவரும் பிரிந்துவிடுகிறார்கள். வடத்தின் தடிப்பை யாரோ கணக்கிட்டிருக்கிறார், அதை மாற்றுபவர் வேறொருவர், ஏறுபவர் மூன்றாமவர். கணக்கிட்டவருக்கு மாற்றம் தெரியாது, ஏறுபவருக்குக் கணக்கு தெரியாது. நடுவில் இருப்பவருக்கு மட்டுமே தான் செய்த மாற்றம் தெரியும்.

ஆகவே பொறுப்பு அவரிடம் வந்து சேர்கிறது. தன் மரத்தில் தானே ஏற மாற்றினால் ஆபத்து அவருடையது என்று சொல்லிவிடலாம், வீட்டில் இருப்பவர்களை மறந்தால். ஆனால் கருவி இரவல் போகும். வளவுக்கு ஓலை வெட்ட வந்தவரிடம் 'இதில ஏறுங்கோ, சுகமா இருக்கும்' என்று எடுத்துக் கொடுப்போம். அப்போது எதை மாற்றினோம் என்பதைச் சொல்லாமல் கொடுப்பது அவரது உயிரை அவர் அறியாமல் பணயம் வைப்பதாகும். வெளிநாட்டில் இருந்து உறவு வாங்கி அனுப்பிய கருவியானாலும் இதேதான். கையேட்டைத் தமிழில் விளங்கப்படுத்தாமல் கருவியை மட்டும் ஒப்படைப்பது அரைகுறை உதவி.

சட்டத்தை நம்பி இருக்கவும் முடியாது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலை கொடுத்தவர், வேலையாள் என்ற உறவை வைத்தே பேசுகிறது. மரத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சீவுபவர் தனக்குத் தானே முதலாளி. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராக இருப்பவர், விழுந்தால் சங்கத்தில் என்ன கிடைக்கும், கருவியில் ஏறி விழுந்தால் அது பொருந்துமா என்பதை ஏறுவதற்கு முன்னரே கேட்டு வைக்க வேண்டும். 1978 இல் உருவான பனை அபிவிருத்திச் சபைக்கும் இதில் வேலை உண்டு. பனைக்கென்று அளவெடுத்த கருவியும், அதைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடும் இருந்தால் பிரேக் கம்பியைத் தேட வேண்டி வராது. தனிமனிதப் பொறுப்பு என்று சொல்லி நிறுவனங்கள் விலகி நிற்பதை நான் ஏற்கவில்லை.

போர் தந்த உடல்களைப் பற்றியும் பேச வேண்டும். முழங்காலுக்குக் கீழ் செயற்கைக் கால் பூட்டியவர், விரல்கள் இழந்தவர், ஒரு கண் பார்வை போனவர், உடலில் செல் துண்டைச் சுமப்பவர் என்று பலர் இங்கே உழைத்துத்தான் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் மிதியைத் தன் காலுக்கு ஏற்ப மாற்ற விரும்புவது வீண் பரீட்சார்த்தம் அல்ல. ஆனால் செயற்கைப் பாதம் மிதியில் இருந்து நழுவுவதை உணராது. நின்று ஏறும் வகையை விட இருந்து ஏறும் வகை அவருக்குப் பாதுகாப்பு. மாற்றத்தைப் பட்டறையில் மட்டும் பேசாமல், காலைச் செய்து பூட்டியவரிடமும், உதாரணமாக யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் போன்ற இடத்தில், காட்டிக் கேட்பது நல்லது. மரமும் காயப்பட்டதுதான். செல் துண்டு பாய்ந்த பனையில் வடுவும் பள்ளமும் இருக்கும், இரும்பு துருத்தியும் இருக்கலாம். வடம் அதில் மாட்டும் அல்லது அறுபடும். ஏறும் முன் மரத்தைச் சுற்றி ஒருதரம் பாருங்கள்.

எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் முழு உடல் பாதுகாப்புப் பட்டி கட்டாயம். அதை மேலே போன பிறகு அல்ல, நிலத்தில் நிற்கும்போதே மரத்தோடு பூட்ட வேண்டும். இடுப்புப் பட்டி மட்டும் போதாது. 70 கிலோ உடல் ஒரு மீற்றர் விழுந்து பத்துச் சென்ரிமீற்றருக்குள் நிறுத்தப்பட்டால், பட்டியில் விழும் இழுவை 770 கிலோ தொங்குவதற்குச் சமம். அது முழுவதும் இடுப்பில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பட்டியைத் தளர விடாமல் பூட்டினால் விழும் தூரமும் இழுவையும் குறையும். தடுத்து நிறுத்தப்பட்டவர் அசையாமல் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். ஆகவே தனியாக ஏற வேண்டாம். கீழே ஒருவர் தொலைபேசியோடு நிற்கட்டும்.

மாற்றிய கருவியை முதலில் மாற்றியவரே, இடுப்பளவு உயரத்தில், பட்டி பூட்டி, உடலை ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு இறங்கி ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். எப்போது எதை மாற்றினோம் என்பதைச் சட்டத்திலேயே அழியாத மையால் எழுதி வையுங்கள். இரவல் வாங்குபவர் உங்களைக் கேட்காமலே அறிந்துகொள்வார்.

யாராவது விழுந்தால் தூக்கி ஓட்டோவில் இருத்த வேண்டாம். கழுத்தும் முதுகும் அசையாமல் கிடந்தபடியே வைத்து 1990 ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை தலையை ஒருவர் இரு கைகளாலும் நேராகப் பிடித்திருக்கட்டும். முள்ளந்தண்டில் முறிவு இருந்து நரம்பு தப்பியிருந்தால், அவசரமாகத் தூக்குவதே அந்த நரம்பை அறுத்துவிடலாம். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதைப் போர் நமக்கு வேண்டிய அளவு காட்டிவிட்டது. மாங்குளத்தில் அவர்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு இருக்கிறது.

விழுந்த கருவியையோ, ஒருதரம் விழுதலைத் தாங்கிய பட்டியையோ மீண்டும் பாவிக்கக் கூடாது. கழித்த வடத்தைக் கோடிப்புறத்தில் எறிந்துவிட்டால் அடுத்த மாரிக்குள் யாரோ அதை வேறொரு கருவியில் பூட்டியிருப்பார்கள். வடத்தையும் பட்டியையும் முழ நீளத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள்.