தாழ்ந்து சென்ற கார்கள், நிமிர்ந்து நின்ற மக்கள்



கார் வாங்குகிறவர் எதை எதிர்பார்ப்பார்? வேகமாக ஓட வேண்டும், பெட்ரோல் குறைவாகச் செலவாக வேண்டும், பழுதில்லாமல் பத்தாண்டு உழைக்க வேண்டும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுவோம். ஆனால், காரைத் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, நடந்து போகிறவரின் வேகத்தில் ஓட்டுவதற்காகவே பல ஆண்டு உழைப்பையும் சம்பளப் பணத்தையும் கொட்டிய ஒரு சமூகம் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளியினரே அவர்கள். அவர்கள் உருவாக்கிய கார்களுக்கு ‘லோரைடர்’ என்று பெயர்.

இது வெறும் கார் மோகத்தின் கதையா? இல்லை என்பதே என் கருத்து. சாலையில் தலைநிமிர்ந்து போகும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி இக்கதை நெடுக ஓடுகிறது.

ஆடைக்கும் தடை

கலிஃபோர்னியா 1848 வரை மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்த மண். போருக்குப் பின் அது அமெரிக்காவின் கைக்குப் போனது. அங்கேயே இருந்தவர்களும், பின்னர் வயல் வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும் வந்தவர்களும் சொந்த மண்ணிலேயே இரண்டாந்தரக் குடிமக்களாக நடத்தப்பட்டனர்.

1943ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததைப் பாருங்கள். தொளதொளவென்ற கால்சட்டையும் நீண்ட மேலங்கியும் கொண்ட ‘சூட் சூட்’ என்ற உடையை மெக்சிகோ வம்சாவளி இளையர்கள் விரும்பி அணிந்தனர். விடுமுறையில் நகருக்குள் வந்த கடற்படை வீரர்கள் அந்த இளையர்களைத் தெருத்தெருவாகத் தேடி அடித்து, உடையைக் கிழித்தெறிந்தனர். ஆனால், கைது செய்யப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடிபட்ட தரப்பினரே. அந்த உடைக்கே தடை வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்றம் தீர்மானமும் போட்டது. உடுத்தும் உடையே குற்றமாகப் பார்க்கப்பட்ட அந்தத் தலைமுறைதான் போர் முடிந்ததும் கார் வாங்கத் தொடங்கியது.

பழைய காரும் மணல் மூட்டையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தென் கலிஃபோர்னியாவில் தொழிற்சாலை வேலை பெருகியது. போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் பலர் இயந்திர வேலை கற்றிருந்தனர். புதுக் கார் வாங்க வசதி இல்லாவிட்டாலும், பழைய செவர்லே கார் கைக்கு எட்டியது.

அதே காலத்தில் வேறு இளையர் கூட்டம் ஒன்றும் கார்களை மாற்றியமைத்துக் கொண்டிருந்தது. அவர்களின் ‘ஹாட் ராட்’ கார்களின் இலக்கு வேகம். வறண்ட ஏரிப் படுகைகளில் அவர்கள் பந்தயம் ஓட்டினர். 1937இல் அதற்கென ஒரு சங்கமே அமைந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் இளையர்களோ அதற்கு நேர்மாறான வழியில் போனார்கள். காரின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை வைத்தார்கள். சுருள் வில்களை அறுத்துக் குட்டையாக்கினார்கள். கார் தரையோடு தரையாகப் படுத்தது. ‘தாழ்வாக, மெதுவாக’ என்பதே அவர்களின் தாரக மந்திரம். வேகமாகப் போகிற காரை யார் பார்க்க முடியும்? மெதுவாகப் போனால்தானே ஊரார் கண்ணில் படும்!

கார் வடிவமைப்பு என்ற கலை அப்போது எல்லாச் சிறுபான்மையினரையும் ஈர்த்தது. கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த பாரிஸ் சகோதரர்கள் ஜார்ஜும் சாமும் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே பட்டறை நடத்தினர். ஜப்பானிய வம்சாவளி இளையரான பாப் ஹிரோஹாட்டா கொண்டுவந்த 1951ஆம் ஆண்டு மெர்க்குரி காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, 1952இல் அவர்கள் ஒரு புதிய காராகவே மாற்றித் தந்தனர். அந்தக் காரை 1959இல் ஒரு பள்ளி மாணவர் வெறும் 500 டாலருக்கு வாங்கினார். அதே கார் 2022இல் ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. கைவினையின் மதிப்பைக் காலம்தான் சொல்கிறது.

சட்டம் பெற்ற பிள்ளை

தாழ்ந்த கார்கள் பெருகியதும் அரசாங்கம் விழித்துக்கொண்டது. சக்கர வளையத்தின் அடிப்பகுதியைவிடக் காரின் வேறெந்தப் பாகமும் தாழ்ந்திருக்கும்படி மாற்றியமைப்பது குற்றம் என்ற சட்டம் 1958இல் கலிஃபோர்னியாவில் நடப்புக்கு வந்தது. போக்குவரத்துக் காவலர்கள் இக்கார்களை நிறுத்தி அபராதச் சீட்டு கொடுக்கத் தொடங்கினர்.

ஒருமுறை தாழ்த்திய காரை நினைத்தபோது உயர்த்த முடியாது. அப்படியானால் என்ன செய்வது? ரான் அகீர் என்ற இளையர் 1959இல் இதற்கு வழி கண்டார். தென் கலிஃபோர்னியாவில் விமானத் தொழிற்சாலைகள் பல இருந்தன. போருக்குப் பின் விமான உதிரிப் பாகங்கள் மலிவு விலையில் கிடைத்தன. விமானத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பம்புகளையும் வால்வுகளையும் அவர் தம் கார்வெட் காரில் பொருத்தினார். விசையைத் தட்டினால் பம்பு எண்ணெயை உருளைகளுக்குள் தள்ளும், கார் உயரும். எண்ணெயைத் திருப்பி விட்டால் கார் மெல்லத் தாழும். காவலர் வரும்போது சட்டப்படியான உயரம், அவர் போனதும் மீண்டும் தரையோரம்!

சட்டத்தை ஏமாற்றும் தந்திரம் என்று சிலர் இதைச் சொல்லலாம். ஆனால், பொறியியல் கல்லூரிக்குப் போகாத இளையர்கள், கழிவுப் பொருளைக் கொண்டு, ஆலைகள் செய்யாத ஒன்றைச் செய்தார்கள் என்பதை மறுக்க முடியாது. பிற்காலத்தில் சரக்கு லாரிகளின் பின்தட்டைத் தூக்கும் பம்புகளையும் பயன்படுத்தினர். பின்பெட்டியில் வரிசையாக மின்கலங்களை அடுக்கி, காரையே துள்ளிக் குதிக்கவும் வைத்தனர்.

இதே 1958இல்தான் செவர்லே நிறுவனத்தின் இம்பாலா கார் சந்தைக்கு வந்தது. அதன் அடிச்சட்டம் ஆங்கில ‘எக்ஸ்’ எழுத்தைப் போன்ற அமைப்புடையது. தாழ்த்துவதற்கு அது மிகவும் ஏற்றதாக இருந்தது. இன்றுவரை லோரைடர் என்றால் இம்பாலாதான் முதலில் நினைவுக்கு வரும்.

வண்ணமும் குடும்பமும்

இக்கார்களின் வண்ணப்பூச்சு தனிக் கலை. முதலில் வெள்ளி அல்லது தங்க நிறப் பூச்சு. அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம் பல அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கையும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். வெயில் பட்டால் மிட்டாய் போலப் பளபளக்கும். உள்ளே வெல்வெட் இருக்கைகள், வெளியே குரோம் பூச்சு, சின்னஞ்சிறு கம்பிச் சக்கரங்கள்.

இவற்றுள் புகழ்பெற்றது ‘ஜிப்சி ரோஸ்’. இம்பீரியல்ஸ் கார் சங்கத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி வலாடெஸ் உருவாக்கிய 1964ஆம் ஆண்டு இம்பாலா அது. இளஞ்சிவப்பு நிறக் கார் முழுதும் ரோஜா மலர்கள் கையால் வரையப்பட்டன. 1974இல் ஒளிபரப்பான ‘சிக்கோ அண்ட் தி மேன்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் அந்தக் கார் வலம் வந்தது. அதுவரை கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸுக்குள் மட்டும் அறியப்பட்டிருந்த கலையை அமெரிக்கா முழுதும் வீட்டுக்குள் இருந்தபடியே கண்டது.

சங்கங்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1962இல் ருவேலாஸ் சகோதரர்கள் தொடங்கிய டியூக்ஸ் கார் சங்கம் இன்றும் இயங்குகிறது. வெல்டிங், எந்திரம், மெத்தை தைப்பு, வண்ணம் என ஒவ்வொரு தொழிலையும் தந்தை மகனுக்கும் அண்ணன் தம்பிக்கும் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடங்களாகவே பட்டறைகள் விளங்கின. ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பமே காரில் ஏறி ஊர்வலம் போகும்.

மூடப்பட்ட சாலை

அந்த ஊர்வலத்தின் முதன்மையான இடம் விட்டியர் சாலை. அது வெறும் பொழுதுபோக்கு இடமாக மட்டும் இருக்கவில்லை. 1970 ஆகஸ்ட் 29ஆம் தேதி வியட்நாம் போரை எதிர்த்து மெக்சிகோ வம்சாவளியினர் அப்பகுதியில் பெரும் பேரணி நடத்தினர். அன்று விட்டியர் சாலையிலுள்ள ஒரு மதுக்கடைக்குள் இருந்த ரூபன் சலாசர் என்ற பத்திரிகையாளர், காவல் அதிகாரி சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி உயிரிழந்தார். அந்தச் சாலை சமூகத்தின் நினைவில் ஆழப் பதிந்துபோனது.

1979இல் விட்டியர் சாலையில் கார் ஊர்வலத்தைக் காவல் துறை தடுத்து நிறுத்தியது. 1980களில் பல நகரங்கள் தடை விதித்தன. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் கடந்து சென்றாலே அபராதம்.

மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும் அல்லவா? போக்குவரத்து நெரிசல் உண்மை. கடைக்காரர்களின் புகாரும் உண்மை. குண்டர் கும்பல்களின் மோதலும் சில இரவுகளில் நடந்தது. ஆனால், சிலர் செய்த குற்றத்துக்காகக் காரின் வடிவத்தையே குற்றத்தின் அடையாளமாக ஆக்கியதுதான் அநீதி. குழந்தைகளோடு போன குடும்பத் தலைவரும் அதே சந்தேகக் கண்ணோடுதான் நிறுத்தப்பட்டார்.

காலம் தந்த தீர்ப்பு

தடையால் கலை அழியவில்லை. 1977இல் சான் ஹோசே நகரில் மாணவர்கள் மூவர் தொடங்கிய ‘லோரைடர்’ சஞ்சிகை 2019 வரை அச்சில் வந்தது. ஜப்பானிலும் பிரேசிலிலும் இக்கலைக்கு ரசிகர்கள் உருவாயினர். 2017இல் ஜிப்சி ரோஸ் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்று, தலைநகர் வாஷிங்டனில் கண்ணாடிப் பேழைக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. வலாடெஸ் அதைக் காண உயிரோடு இல்லை. அவர் 2011இல் காலமாகிவிட்டார்.

2022இல் சாக்ரமெண்டோவும் சான் ஹோசேயும் தங்கள் தடைகளை நீக்கின. 2023இல் சட்டமன்ற உறுப்பினர் டேவிட் அல்வாரெஸ் கொண்டுவந்த மசோதா சட்டமானது. 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் எந்த நகரமும் இத்தகைய ஊர்வலத்தைத் தடை செய்ய முடியாது. காரின் உயரம் பற்றிய அந்த 1958ஆம் ஆண்டுச் சட்டமும் ரத்தானது. ஆபத்தான பந்தயம் இன்றும் குற்றமே. அழகாக, மெதுவாகப் போவது குற்றமில்லை. இதைச் சொல்ல ஓர் அரசாங்கத்துக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

நேயர்களே, பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நிற்கும் இளையரைப் பார்த்ததும் ‘உருப்படாதவன்’ என்று முடிவு கட்டுவது எளிது. அவர் கையில் இருப்பது என்ன வித்தை என்று அருகில் போய்க் கேட்பதற்குத்தான் பொறுமை வேண்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் பெற்றோரில் பலருக்கு அந்தப் பொறுமை இருந்தது. அதனால்தான் அரசு கைவிட்ட பிள்ளைகளின் கைத்தொழில் இன்று அருங்காட்சியகம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.