அணை கட்டியவரைத் தெரியும், தண்ணீரைப் பங்கிட்டவர் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

ஒவ்வொரு ஜனவரி 15ஆம் தேதியும் நம் பள்ளத்தாக்கில் ஜான் பென்னிகுயிக் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். பாலார்பட்டியில் பொங்கலே வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் வந்தது. செய்ய வேண்டியதுதான், மறுப்பே இல்லை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சனங்கள் செத்து விழுந்த பூமி இது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 1887இல் வேலை தொடக்கம். 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே நம் பக்கம் இறங்கியது. என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இது மனப்பாடம்.

இன்று எழுத வந்தது பாடப்புத்தகத்தில் இல்லாத மறுபாதியை. தண்ணீர் மலையிலிருந்து இறங்கியது சரி. இறங்கியதும் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, யார் வயலுக்கு முதலில், யார் எப்போது நாற்றுப் பாவுவது என்பதையெல்லாம் யார் முடிவு செய்தார்கள்? இந்த வேலைக்கு ஒரு பென்னிகுயிக் கிடையாது. மணிமண்டபம் கட்டுவதென்றால் யாருக்குக் கட்டுவது என்றே தெரியாது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். லோயர் கேம்ப் முதல் நம் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். பழைய வாய்க்கால்கள் பதினேழு. பின்னால் வந்த ஒரு வாய்க்காலுக்கு இன்றைக்கும் "பதினெட்டாம் கால்வாய்" என்றே பெயர். அந்தப் பெயரே முந்தைய பதினேழுக்கும் சாட்சி. வழக்கமாக ஜூன் முதல் தேதியில் தண்ணீர் திறப்பார்கள். விநாடிக்கு 300 கன அடி என்றால் அதில் 200 பாசனத்துக்கு, 100 குடிநீருக்கு. முதல் போகத்துக்கு 120 நாள் கணக்கு. மழை பொய்த்து, திறப்பு ஆகஸ்டு வரை தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. முதல் போகம் தள்ளினால் இரண்டாம் போகமும் தள்ளும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் குறையும்.

ஆறு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எல்லாம் பார்த்துவிட்டு நம்மிடம் வருகிறது. 14,707 ஏக்கருக்கு நாம்தான் கடைமடை. மேலே ஒருவர் மடையை ஒரு சாண் கூடத் திறந்தால் அது கடைசியில் தெரிவது நமக்குத்தான். அதனால்தானோ என்னவோ, இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் அதிகம்.

பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்பே சுருளியாற்றுத் தண்ணீரை மறித்து வாய்க்கால்களில் திருப்பி இங்கே விவசாயம் நடந்திருக்கிறது. 1895க்குப் பிறகு அதே ஆற்றில் புதுத் தண்ணீர் சேர்ந்தது. சர்க்காரின் குறி மதுரைப் பக்கம். தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, மதுரை, மேலூர் வயல்களுக்குப் போக வேண்டும் என்பதே திட்டம். அந்தத் தண்ணீர் போகிற வழியில் நம் பள்ளத்தாக்கு இருந்தது. வழியில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? ஒரு போகம் இரண்டானது. பயிர்க் காலம் மாறியது. மேட்டில் கிணறு வெட்டினார்கள். பிற்பாடு வாழையும் திராட்சையும் தென்னையும் வந்தன. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இவ்வளவையும் ஒருவர் உட்கார்ந்து படம் வரைந்து திட்டமிடவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து வயலைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து, போன வருஷத்து வெள்ளாமையைப் பார்த்துத் தங்களை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் மாறியதும் ஆற்றின் போக்கு மாறியது. அதைப் பார்த்து மற்றவர்கள் மாறினார்கள்.

இப்படிப்பட்ட பின்னலுக்கு அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் "காம்ப்ளெக்ஸ் அடாப்டிவ் சிஸ்டம்". தமிழில் "தகவமைத்துக்கொள்ளும் சிக்கலமைப்பு" எனலாம். எறும்புப் புற்று, சந்தை, நகரம், மொழி எல்லாம் இந்த வகைதான். அமெரிக்காவில் 1984இல் சாண்டா ஃபே இன்ஸ்டிடியூட் என்று ஒரு நிறுவனத்தையே இதற்காகத் தொடங்கினார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வாய்க்கால் வரப்பில் நடந்தவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம்.

இந்தப் பின்னலைக் கணக்காகப் போட்டுப் பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியது ஒரு நெல் பாசனக் கதைதான். இந்தோனேசியாவின் பாலித் தீவு. அங்கே ஒரு வாய்க்காலில் பாயும் விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்கு "சுபக்" என்று பெயர். எந்த சுபக் எப்போது நடவு செய்வது, எப்போது வயலைத் தரிசாகப் போடுவது என்பதைத் தண்ணீர்க் கோயில்களில் கூடி முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சி அங்கே போனது. புது விதை, உரம், மருந்து கொடுத்து, கோயில் முறையை விட்டுவிட்டு முடிந்தவரை அடிக்கடி நடுங்கள் என்றார்கள். முதலில் விளைச்சல் ஏறியது. பிறகு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தண்ணீர் தேவைப்பட்டு மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் சண்டை. வயல் தரிசாகக் கிடக்கும் காலமே இல்லாததால் புகையான் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. புகையான் அடித்த வயலை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். நெருப்புப் பட்டதுபோல வட்டம் வட்டமாகக் கருகி நிற்கும். மருந்து அடிக்க அடிக்க, புகையானைத் தின்னும் சிலந்தியும் வண்டும்தான் செத்தன. கடைசியில் 1986இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியல் அறிஞரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியல் அறிஞரும் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட 172 சுபக்குகள். முதலில் ஒவ்வொரு சுபக்குக்கும் ஏதோ ஒரு பயிர்க் காலத்தைக் குலுக்கல் மாதிரி கொடுத்தார்கள். மழை, ஆற்று நீர், பூச்சிப் பெருக்கம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வருஷ முடிவில் ஒரே ஒரு விதி: உன் பக்கத்து சுபக்கைப் பார். அவன் உன்னைவிட அதிகம் விளைவித்திருந்தால் அடுத்த வருஷம் அவனுடைய காலத்தில் நீயும் நடு. அவ்வளவுதான். கணக்கை ஓட்டினால், சில ஆண்டுகளிலேயே பக்கத்துப் பக்கத்துச் சுபக்குகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஒரே காலத்தில் நடத் தொடங்கின. மொத்த விளைச்சலும் ஏறியது. அந்தக் கூட்டங்களின் படத்தைப் பார்த்தால் பழைய தண்ணீர்க் கோயில்களின் ஏற்பாட்டுக்கு மிக நெருக்கமாக இருந்தது. 1993இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நுணுக்கம் எங்கே என்று பாருங்கள். எல்லோரும் ஒரே நாளில் நட்டால் பூச்சிக்கு இடமில்லை, ஆனால் தண்ணீர் பற்றாது. ஆளுக்கொரு நாளில் நட்டால் தண்ணீர் பற்றும், பூச்சி பெருகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. எத்தனை வயல் சேர்ந்து ஒரு கூட்டம், எத்தனை கூட்டம் ஓர் ஆற்றுக்கு என்ற அந்த அளவைப் பெரிய என்ஜினியர்கூட மேசையில் உட்கார்ந்து சொல்வது கடினம். பக்கத்து வயலைப் பார்த்து நடந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், கண்டுபிடித்தோம் என்று தெரியாமலே.

இனி கடைமடைக்கு வருகிறேன். ராபர்ட் வேட் என்ற அறிஞர் ஆந்திராவின் கர்னூல் பக்கம் முப்பதுக்கு மேற்பட்ட கால்வாய்க் கிராமங்களைப் பார்த்து 1988இல் ஒரு புத்தகம் எழுதினார். பக்கத்துப் பக்கத்தில், ஒரே சனம், ஒரே பயிர் உள்ள கிராமங்களிலேயே சில ஊர்களில் பொதுப்பணம் திரட்டி, நீர் பாய்ச்ச ஆள் வைத்து, முறை வைத்துப் பங்கிட்டார்கள். சில ஊர்களில் அப்படி எதுவும் இல்லை. காரணம் தேடினால் பெரும்பாலும் கால்வாயின் கடைசியில் இருந்த ஊர்கள்தான் கட்டுக்கோப்பாக இருந்தன. தலைமடை ஊருக்குத் தண்ணீர் தானாக வரும், கூடிப் பேச என்ன அவசியம்? (வீட்டில் கடைசிப் பிள்ளை சாமர்த்தியசாலியாக இருப்பதற்கும் இதுதான் காரணமோ! எங்கள் வீட்டில் நான் மூத்தவன்.)

தலைமடைக்காரன் எதற்காகக் கடைமடைக்காரனை மதிக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் நேபாளத்தில் கிடைத்தது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம் அம்மையாரும் அவருடன் வேலை செய்தவர்களும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளின் விவரங்களைச் சேர்த்தார்கள். கல்லும் மண்ணும் தழையும் போட்டு விவசாயிகளே வருஷாவருஷம் கட்டிக்கொண்ட தற்காலிக அணைகள் ஒரு பக்கம். அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் தலைமதகுகள் ஒரு பக்கம். எதில் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகப் போயிருக்கும்? கான்கிரீட்டில் என்றுதான் நாம் சொல்வோம். உண்மை நேர்மாறாக இருந்தது. வெள்ளம் வந்து மண் அணை உடைந்தால் திரும்பக் கட்டத் தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரனின் கை தேவை. அவன் வர வேண்டுமென்றால் அவனுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கான்கிரீட் வந்ததும் அந்தக் கை தேவைப்படவில்லை. தண்ணீர்ப் பங்கும் குறைந்தது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு நம் குடிமராமத்து ஞாபகம்தான். என் தகப்பனார் காலத்தில் வைகாசியில் தண்ணீர் வருமுன் வாய்க்கால் வெட்டுக்கு நிலத்தின் அளவுக்கு ஏற்ப வீட்டுக்கு வீடு ஆள் வர வேண்டும், வராவிட்டால் கூலியைக் கட்ட வேண்டும் என்பார்கள். இந்த வழக்கம் தளர்கிறது என்று வெள்ளைக்காரன் 1858இலேயே சட்டம் போட்டான். சட்டம் போட்டும் நிற்கவில்லை. பராமரிப்புப் பொறுப்பு இலாகாவுக்குப் போகப் போக ஊர்க்காரர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். 2017இல் அதே பெயரில் தமிழக அரசு திட்டம் தொடங்கியது. பெயர் திரும்பி வந்தது, தூர்வாரும் வேலையும் நடந்தது. ஆனால் பழைய முறையில் வேலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மேல்மடையும் கீழ்மடையும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே வாய்க்காலில் இறங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பழசு எல்லாமே பொன் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த முறையில் நீர்பாய்ச்சியாக இராப்பகலாக வரப்பில் கிடந்தவர்கள் பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாதவர்கள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று அத்தனை வயலுக்கும் கணக்கு அவர்கள் தலையில் இருந்தது. அவர்களுக்கென்று ஒரு வயல் இல்லை. "தானே உருவான ஒழுங்கு" என்று இந்தக் கால அறிஞர்கள் வியக்கும்போது எனக்கு இதுவும் ஞாபகம் வரும். தானே உருவாவது நியாயமாகவும் உருவாகும் என்று எந்தக் கணினியும் சொல்லவில்லை. லான்சிங்கின் கணக்கிலே சாதி கிடையாது. அது விளைச்சலை அளந்தது, யாருடைய களஞ்சியம் என்பதை அளக்கவில்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், நம் ஊரில் பின்னல் வேறு விதமாக அவிழ்கிறது. தேனி வளர வளர வயல்கள் மனைகளாகின்றன. தப்பு சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படிக்கிற உங்களில் சிலரும் அப்படி ஒரு மனையில்தான் வீடு கட்டியிருப்பீர்கள். ஆனால் ஒரு வாய்க்காலில் நடுவிலே பத்து வயல் மனையாகிவிட்டால் குறைவது பத்து வயல் மட்டும் இல்லை. அந்தப் பத்துப் பேர் வாய்க்கால் வெட்டுக்கு வர மாட்டார்கள். அவர்களுக்கு வாய்க்கால் இனி சாக்கடை. அதற்கும் கீழே இருக்கும் நாலு விவசாயிக்குத் தண்ணீர் சேர்வதில்லை. அவர்களும் விற்பார்கள். அப்புறம் வாய்க்கால் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்த கிணறும் போரும் இறங்கும். முதல் வயலை விற்றவர் இத்தனையையும் நினைத்து விற்கவில்லை. நட்டம் வந்தது, விற்றார்.

லோயர் கேம்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குக் குழாயில் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது நம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்ததும் இந்தக் கணக்கில்தான். மதுரைக்காரர்கள் குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆற்றில் வந்தால் வழியெல்லாம் நனைத்துக்கொண்டு வரும், குழாயில் போனால் வழியில் யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. குழாய்க்கு எவ்வளவு கன அடி என்று காகிதத்தில் வந்துவிடும். ஆற்று மணலில் ஊறிக் கிணற்றுக்குப் போனது எவ்வளவு என்பதற்கும் அதே அக்கறையோடு கணக்கு எடுத்துவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

கணினி தெரிந்த என் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலிக்கு 172 சுபக்குகளைப் போட்டதுபோல நம் பதினேழு வாய்க்காலையும் போட்டுப் பார்க்கலாமே. ஆனால் கணக்குப் போட விவரம் வேண்டும். எந்த வாய்க்காலில் யார் நீர்பாய்ச்சியாக இருந்தார், அவருக்குக் களத்தில் எத்தனை மரக்கால் கூலி, முறை எங்கிருந்து தொடங்கும், தண்ணீர் குறைந்த வருஷம் கடைமடையில் ஆரம்பிப்பார்களா தலைமடையில் ஆரம்பிப்பார்களா, இதெல்லாம் எந்த ஆபீஸ் கோப்பிலும் முழுசாக இருக்காது. எண்பது தாண்டிய சிலருடைய நினைவில் இருக்கிறது. உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டிப் பக்கம் தாத்தா பாட்டி இருப்பவர்கள் இந்த லீவில் ஊருக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். நீர்பாய்ச்சிக் குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் முதலில் நீங்கள் அனுப்புங்கள். நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். வாய்க்காலுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், நம் ஊர் வாய்க்காலுக்கு மட்டும் எட்டு.