மலாய் வீடும் மழை நாடும்

ஒரு நாட்டின் வெயிலையும் மழையையும் அறிய வேண்டின், அந்நாட்டின் பழைய வீடுகளை நோக்கினால் போதும். இவ்வுண்மைக்கு மலாய் மக்களின் மரபு வீடு தக்கதொரு சான்றாகும்.

ஆண்டு முழுதும் வெப்பம், ஓயாத ஈரம், பெருமழை, தாழ்நிலங்களில் வெள்ளம் ஆகியவையே மலாய்த் தச்சன் எதிர்கொண்ட சிக்கல்கள். அவன் வீட்டை மரத்தூண்களின்மேல் உயர்த்தினான். வெள்ளம் கீழே ஓடிற்று; காற்றும் அடியிற் புகுந்து, தளப்பலகைகளின் இடுக்குகள் வழியே மேலெழுந்தது. மக்கள் பாயில் அமரும் வழக்கம் உடையவராதலின், சன்னல்களைத் தளமட்டம் வரை இறக்கி அமைத்தான். சுவரின் மேற்பகுதியில் உள்ள மரச்செதுக்கல்கள் கண்ணுக்கு அழகு தருவதோடு காற்றுக்கும் வழிவிட்டன. நீப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரை வெப்பத்தைத் தேக்கி வைப்பதில்லை. ஆகவே, பொழுது சாய்ந்ததும் வீடு விரைவில் குளிர்ந்துவிடும். நீண்டு தாழ்ந்த இறவாரம் வெயிலையும் சாரலையும் தடுத்தது.

ஆணியில்லா அரண்மனை

இத்தச்சுக்கலை எளியோர் இல்லங்களோடு நின்றுவிடவில்லை. நெகிரி செம்பிலானில் ஸ்ரீ மெனாந்தி அரண்மனை 1902-இல் தொடங்கப்பெற்று 1908-இல் முடிவுற்றது. 99 தூண்களின்மேல் நிற்கும் அதனைக் காஹார், தாயிப் என்னும் மலாய்த் தச்சர் இருவர் எழுப்பினர். ஆணி அறையாமல், துளையும் கழுந்துமாக மரங்களைப் பொருத்தி ஆப்பு இறுக்கினர். 1931 வரை அஃது அரச இல்லமாக விளங்கிற்று. இவ்வாறு பொருத்தியமையால், சிற்றூர் வீடுகளைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் நிறுத்தவும் இயன்றது. ஆங்கிலேயரும் உயர்ந்த தளத்தையும் அகன்ற தாழ்வாரத்தையும் இந்நாட்டுப் பங்களாக்களில் மேற்கொண்டனர்.

நெருப்பும் நெருக்கமும்

இத்தகைய வீட்டின் மதிப்பு பின்னர் ஏன் குன்றியது? 1961 மே 25-ஆம் நாள் சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீ நால்வர் உயிரைக் குடித்தது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அத்தாப்பு என்றாலே ஆபத்து, வறுமை என்னும் எண்ணம் வலுப்பெற இத்தகைய தீ விபத்துகளும் காரணமாயின. ஓலையும் மரமும் எளிதில் தீப்பற்றும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அங்கு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நெருங்கி நின்றமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரபுவழி மலாய்க் கம்பத்திலோ வீடுகள் விலகி நிற்கும். இடையிடையே உள்ள தென்னைகள் நிழல் தரும். அவற்றின் நெடிய தண்டுகள் காற்றை மறிப்பதில்லை.

வீடிழந்த மக்களுக்கு அடுக்குமாடி வீடுகள் அளித்த பாதுகாப்பு பெரிது. ஆனால், செங்கல்லும் சிமெண்டும் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வெளியிடுகின்றன. எதிரெதிர்ச் சன்னல்களும் போதிய நிழலும் இல்லாத வரிசை வீடுகளில், குளிர்சாதனப் பொறியின்றி உறங்குவது பலருக்கு அரிதாகிவிட்டது. ஓலையைக் கைவிட்டதில் தவறில்லை. அதனோடு காற்றையும் நிழலையும் கைவிட்டதே இழப்பாகும். நீண்ட இறவாரத்தையும் காற்றோட்டத்தையும் சிமெண்டு வீட்டிலும் அமைக்க இயலும். பழைய தச்சர் கற்றுத்தந்த இப்பாடத்தை இனி வீடு கட்டுவோர் மனங்கொள்வது நன்று.