மேற்கோள் சுட்டலும் கருத்தின் உரிமையும்: எல்லிஸ் – கால்டுவெல் தொடர்பை முன்வைத்து

ஆய்வுக் கட்டுரையொன்றில் பிறர் கருத்தை எடுத்தாளும்போது அக்கருத்து யாருடையது, எந்த நூலின் எந்தப் பதிப்பில் எந்தப் பக்கத்தில் இடம்பெற்றுள்ளது என்பவற்றைப் படிப்போர் தேடிக் காணுமாறு குறித்தலே மேற்கோள் சுட்டல் எனப்படும். ஆய்வு நெறிமுறை நூல்கள் இதனைப் பெரும்பாலும் அடிக்குறிப்பின் வடிவம், ஆண்டின் இடம், நிறுத்தற்குறி ஆகியவை பற்றிய பாடமாகவே கற்பிக்கின்றன. வடிவம் தேவையானதே; ஆயினும் பெயரைப் பிழையின்றிக் குறித்த பின்னும் கருத்துக்கு உரியவரின் பங்கு குறைந்துபோகக்கூடும் என்பதற்குத் திராவிட மொழியியலின் தொடக்க வரலாறே சான்றாக நிற்கிறது. எடுத்தாளப்பட்டவர் எவ்வளவு சொன்னார் என்னும் அளவையும் மேற்கோள் சரியாகக் காட்ட வேண்டும் என்பதும், அவ்வளவை அறிய மூலநூலைத் திறந்து படிப்பதன்றி வேறு வழியில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அலெக்சாண்டர் டங்கன் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816-ஆம் ஆண்டு சென்னையில் அச்சாயிற்று. அதன் முன்னுரைக்கு இணைப்பாக, சென்னையில் பணியாற்றிய குடிமைப்பணி அலுவலரும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவருமான பிரான்சிஸ் வைட் எல்லிஸ் ஒரு நீண்ட குறிப்பை எழுதினார். தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்தது என வில்லியம் கேரி முதலியோர் கொண்டிருந்த கருத்தை மறுத்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என நிறுவுவதே அக்குறிப்பின் நோக்கம். மலையாளம், துளு, குடகு ஆகியவற்றை அக்குடும்பத்தில் சேர்த்ததோடு, வடக்கே இராஜமகால் மலைவாழ் மக்களின் மொழியிலும் தமிழ், தெலுங்குச் சொற்கள் மிகுதியாக உள்ளன என்றும் எல்லிஸ் சுட்டினார். அவருடைய சான்றுகள் மூன்று படிகளாக அமைந்துள்ளன: முதலில் வேர்ச்சொற்கள், அடுத்துச் சொற்கள், இறுதியாக மொழி வழக்கு, அதாவது வாக்கியம் அமையும் முறை. வடமொழிச் சொற்கள் எவ்வளவு கலந்திருந்தாலும் வேரும் வாக்கிய அமைப்பும் வேறாயின் மொழிக் குடும்பமும் வேறே என்ற தெளிவு இவ்வைப்பு முறையிலேயே தெரிகிறது.

எல்லிஸ் தம் கடனை வெளிப்படையாக எழுதியவர் என்பது இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. சொற்கள் பற்றிய பகுதியில் அவர் தெலுங்கு அகராதி தொகுத்த மாமிடி வெங்கய்யாவைப் பெயர் சொல்லி எடுத்தாள்கிறார். வடமொழியோடு ஒத்தவை, வடமொழியிலிருந்து திரிந்தவை, நாட்டுக்கே உரிய தேசியச் சொற்கள், கொச்சை வழக்குகள் எனத் தெலுங்குச் சொற்களைப் பகுப்பது அம்மொழியின் இலக்கண மரபு. அம்மரபை வெங்கய்யா விளக்கியதை மேற்கோளாக முன்வைத்து, தேசியம் எனப்பட்ட பகுதி தமிழோடும் கன்னடத்தோடும் பொருந்துவதை எல்லிஸ் காட்டுகிறார். பகுப்பு பண்டிதர்களுடையது, அப்பகுப்பை மூன்று மொழிகளுக்கிடையே ஒப்பிட்டு முடிவு கண்டது எல்லிஸுடையது. இவ்விரண்டும் வேறுவேறு பங்களிப்புகள் என்பதை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பிரித்தறிய முடிவதற்குக் காரணம், அவர் அந்தப் பெயரை எழுதி வைத்தமையே. அதை விட்டிருந்தால் உள்நாட்டு இலக்கண மரபின் பங்கு ஐரோப்பியர் ஒருவரின் கண்டுபிடிப்புக்குள் கரைந்திருக்கும்.

எல்லிஸ் 1819-இல் இறந்தார். இராபர்ட் கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. அதன் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. எல்லிஸைக் கால்டுவெல் மறைக்கவில்லை. இத்துறையில் முதலில் அடியெடுத்து வைத்தவர் எல்லிஸ் என்று சொல்லி, காம்பெல்லின் இலக்கண நூலையும் குறிப்பிடுகிறார். எல்லிஸின் தமிழறிவையும் பாராட்டுகிறார். எனினும் எல்லிஸ் செய்த ஒப்பீடு மிகச் சுருக்கமானது, இலக்கண வடிவங்களைத் தொடாமல் மூன்று மொழிகளின் சில சொற்களோடு நின்றுவிட்டது என்பது அவர் தரும் மதிப்பீடு. இம்மதிப்பீட்டில் பாதி உண்மை உண்டு. வேற்றுமை உருபு, மூவிடப் பெயர், வினைத் திரிபு எனக் கால்டுவெல் நிகழ்த்திய விரிவான ஒப்பீட்டை எல்லிஸின் குறிப்பில் காண இயலாது. அவ்வுழைப்பின் பெருமை முழுதும் கால்டுவெல்லையே சாரும். ஆனால் வேர்ச்சொற்களும் வாக்கிய அமைப்பும் எல்லிஸின் வாதத்திற்கு இரு தூண்கள். அவற்றை விட்டுவிட்டுச் சில சொற்களின் ஒப்பீடு என்று மட்டும் சுருக்கும்போது, நிறுவப்பட்ட ஒரு கருதுகோள் வெறும் முன்னறிகுறியாக மாறிவிடுகிறது. பெயர் இருக்கிறது, நூல் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. அளவு மட்டும் குறைந்துவிட்டது.

இக்குறைவு நீடித்ததற்குப் பின்வந்தோரும் பொறுப்பாவர். முதன்மைச் சான்று என்பது கருத்து முதலில் வெளியான நூல். அதைப் பற்றிப் பிறர் எழுதியது இரண்டாம் நிலைச் சான்று. இரண்டாம் நிலைச் சான்றை மட்டும் படித்துவிட்டு முதன்மைச் சான்றைப் படித்ததுபோல் அடிக்குறிப்பு தருவது ஆய்வுலகில் பரவலாகக் காணப்படும் குறை. எல்லிஸின் குறிப்போ தனி நூலாக நில்லாமல் வேறொருவர் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரை இணைப்பாகக் கிடந்தது. தமிழாய்வாளர் இயல்பாகத் தேடும் இடமன்று அது. ஆகவே கால்டுவெல்லின் ஒரு வாக்கியமே எல்லிஸைப் பற்றிய முழு அறிவாகக் கைமாறி வந்தது. தாமஸ் டிரவுட்மன் 2006-இல் வெளியிட்ட நூலில் 1816-ஆம் ஆண்டு மூலத்திற்கே திரும்பிச் சென்று, கல்லூரிப் பண்டிதர்களின் பங்கையும் சேர்த்து ஆராய்ந்த பிறகே இவ்வரலாறு ஆய்வுலகில் நிமிர்ந்தது. அதற்குப் புதிய ஓலையோ கல்வெட்டோ தேவைப்படவில்லை. அச்சிட்ட பக்கங்களைப் படித்ததே போதுமானதாயிற்று.

இத்தகைய குறையை இன்றைய கண்காணிப்பு முறை பிடிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள் கருத்துத் திருட்டை ஒற்றுமை விழுக்காட்டால் அளந்து, 10 விழுக்காடு வரை தண்டனையின்றி விட்டு, அதற்குமேல் 40, 60 என்னும் எல்லைகளை வைத்துப் படிப்படியாக நடவடிக்கை வகுத்துள்ளன. சொல்லுக்குச் சொல் எடுத்தெழுதுவதைத் தடுக்க இது பயன்படும். மூன்றாம் நூலொன்றிலிருந்து கால்டுவெல்லின் மதிப்பீட்டை எடுத்து, சொந்த நடையில் மாற்றி எழுதி, கீழே எல்லிஸ் 1816 என அடிக்குறிப்பு இட்டவரின் கட்டுரையோ கணினிச் சோதனையில் தூய்மையானதாகவே தேறும். அங்கே பிறர் சொல் களவாடப்படவில்லை. படிக்காத நூலைப் படித்ததாகச் சொல்லும் பொய் மட்டும் அச்சேறுகிறது. அறிவுலகிற்கு அது சிறிய தீங்கன்று.

எனவே மூலம் கைக்கு எட்டாதபோது 'எல்லிஸ், கால்டுவெல் வழியாக' என்று எழுதுவதே நேர்மை; ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர்கள் அதைக் குறையாகக் கருதி மதிப்பெண் குறைக்கலாகாது. மூலம் எட்டும்போது எல்லிஸை ஆசிரியராகவும் காம்பெல்லின் இலக்கணத்தை அக்குறிப்பு இடம்பெற்ற நூலாகவும் தனித்தனியே காட்ட வேண்டும். வெங்கய்யாவின் பகுப்பு அங்கிருந்து எடுக்கப்படுமாயின் அவர் பெயரும் அடிக்குறிப்பில் இடம்பெற வேண்டும். திராவிட மொழிக் குடும்பக் கருத்தின் வரலாற்றை 1856-இலிருந்து தொடங்கும் கட்டுரைகளை ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்கள் 1816-ஆம் ஆண்டு நூலைப் படித்துத் திருத்துமாறு ஆசிரியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.